ஹீட்டர் வாங்குமுன் வயரைக் கேளுங்கள்

சிங்கப்பூரில் உட்கார்ந்துகொண்டு குளிருக்கு ஹீட்டர் வாங்குவதைப் பற்றி எழுதுவதா என்று சிலர் சிரிக்கலாம். இங்கே வருடம் முழுவதும் வேர்த்து வழிகிறது. மின்விசிறி நின்றால் தூக்கம் போய்விடும். ஆனால் இங்கே வேலை செய்கிற எல்லாருடைய குடும்பமும் இங்கேயே இல்லையே! கேமரன் மலையிலும், நுவரெலியா, அட்டன் பக்கத்துத் தோட்டங்களிலும், வால்பாறை, மூணாறு, நீலகிரியிலும் பெற்றவர்கள் இருக்கிறார்கள். மார்கழி, தை மாதம் வந்தால் கம்பளியை எத்தனை சுற்றுச் சுற்றினாலும் வயதானவர்களுக்கு மூட்டு வலி விடாது.

தேக்காவில் சாமான் வாங்கிப் பெட்டி கட்டுகிற மகனுக்கும் மகளுக்கும் அப்போதுதான் ஓர் எண்ணம் வருகிறது. "அம்மாவுக்கு ஒரு ஹீட்டர் வாங்கிக்கொண்டு போனால் என்ன?" நல்ல எண்ணந்தான். கடையில் கிடைக்காவிட்டாலும் கைத்தொலைபேசியில் தட்டினால் வீட்டு வாசலுக்கே வந்துவிடுகிற காலம் இது. அதிலும் இப்போது வருகிற ஒரு வகையைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். பெட்டிக்குள் விறகுக் கட்டை போல ஒன்று, அதன் மேல் நெருப்பு ஆடுகிற மாதிரி ஒரு வெளிச்சம், கீழே இருந்து சுடு காற்று. மின்சாரக் கணப்பு என்று சொல்லலாம்.

இந்தப் பெட்டி நல்லதா கெட்டதா என்பது இரண்டாவது கேள்வி. இதைச் செருகப் போகிற சுவரில் உள்ள வயர் இதைத் தாங்குமா என்பதுதான் முதல் கேள்வி. அதைத்தான் இந்த வாரம் பேசப் போகிறோம்.

படம் வேறு, சூடு வேறு

முதலில் பெட்டியைப் பற்றி இரண்டு வார்த்தை. அதில் தெரிகிற நெருப்பு வெறும் விளக்கு வெளிச்சம். அதற்குச் செலவாகிற மின்சாரம் மிகச் சொற்பம். சூடு வருவது உள்ளே இருக்கிற கம்பிச் சுருளிலிருந்து. ஒரு சிறிய விசிறி அந்தச் சூட்டை வெளியே தள்ளுகிறது. 1,500 வாட் என்று எழுதியிருந்தால், ஐம்பது வெள்ளிப் பெட்டியும் ஐந்நூறு வெள்ளிப் பெட்டியும் கொடுக்கிற சூடு ஒன்றுதான். மீதிப் பணம் படத்துக்கும் அலங்காரத்துக்கும் போகிறது.

இதற்கு ஒரு பெரிய நன்மை உண்டு. அதை மறைக்கக் கூடாது. இதில் புகை இல்லை. கரியை மூட்டிச் சட்டியில் வைத்து, கதவு சன்னலை அடைத்துக்கொண்டு படுப்பது மலைப் பக்கத்தில் பழைய வழக்கம். கரி எரியும் போதும் கனன்று அணையும் போதும் வருகிற கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுக் காற்றுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. தூங்குகிறவர் தூங்கியபடியே போய்விடுவார். கொடைக்கானல், ஊட்டிப் பக்கம் இப்படி நடந்த செய்திகளை நாளிதழ்களில் படித்திருப்பீர்கள். அந்த வகையில் பார்த்தால் மின்சார ஹீட்டர் கரிச் சட்டியைவிட மேல். ஆகவே ஹீட்டரே கூடாது என்று சொல்ல வரவில்லை.

இன்னொரு குவீன்ஸ்டவுன்

சிங்கப்பூரின் குவீன்ஸ்டவுன் உங்களில் பலருக்குத் தெரியும். எலிசபெத் அரசியார் முடிசூடிய 1953ஆம் ஆண்டில் அந்தப் பெயர் வைத்து எழுப்பிய புதுநகரம். அதே பெயரில் நியூசிலாந்திலும் ஓர் ஊர் இருக்கிறது. வாகாட்டிப்பு என்ற ஏரிக் கரையில், பனி மலைகளுக்கு நடுவே. இங்கே நாம் வேர்த்துக்கொண்டிருக்கும் ஜூன், ஜூலையில் அங்கே இரவில் தண்ணீர் உறைகிறது.

அந்த ஊருக்குச் சுற்றுலா போகிறவர்களில் பலர் ஓட்டலில் தங்குவதில்லை. படுக்கை, அடுப்பு, மேசை எல்லாம் வைத்துக் கட்டிய வீட்டு வண்டியை வாடகைக்கு எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போவார்கள். இரவில் அதற்கென்று உள்ள மைதானத்தில் நிறுத்தி, ஒரு கம்பத்திலிருந்து நீளமான வயர் இழுத்து வண்டிக்கு மின்சாரம் எடுத்துக்கொள்வார்கள். அமெரிக்காவில் இந்த வண்டிகளிலேயே மாதக் கணக்கில் குடியிருக்கிறவர்களும் உண்டு. மின்சாரக் கணப்பை விரும்பி வாங்குகிறவர்களில் அவர்களும் சேர்த்தி. சின்ன இடம், மெல்லிய சுவர், வெளியே குளிர். ஒரு பெட்டி வைத்தால் போதும், சீக்கிரம் சூடாகிவிடும்.

ஆனால் அங்கே ஒரு கணக்கு இருக்கிறது. அமெரிக்காவில் மின்சாரம் 120 வோல்ட். 1,500 வாட் ஹீட்டர் 12.5 ஆம்பியர் இழுக்கும். அந்த ஊர் வண்டிகளில் பலவற்றுக்கு வருகிற மொத்த மின்சாரமே 30 ஆம்பியர்தான். ஒரு பெட்டிக்கே ஏறக்குறைய பாதி போய்விட்டது. அது ஓடும்போதே தண்ணீர் சுடவைக்கிற கேத்தலையும் சோறு சூடாக்குகிற பெட்டியையும் போட்டால் சுவிட்ச் விழுந்துவிடும். விழுந்தால் நல்லது. விழாமல் வயர் சூடாகிக்கொண்டே இருந்தால்தான் ஆபத்து.

நியூசிலாந்தில் இதற்கு ஒரு ஏற்பாடு செய்திருக்கிறார்கள். வெளியிலிருந்து மின்சாரம் எடுக்கிற வீட்டு வண்டிக்கு, அதன் வயரெல்லாம் சரியாக இருக்கிறது என்று நான்கு வருடத்துக்கு ஒருமுறை சோதித்துச் சான்று வாங்க வேண்டும். சுற்றுலா வண்டிக்கே இந்தக் கவனம். நம் லயத்து வீட்டு வயரைக் கடைசியாக யார், எப்போது சோதித்தார்கள்? இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எத்தனை பேரால் முடியும்?

கொஞ்சம் கணக்குப் போடுவோம்

பயப்பட வேண்டாம், இது மூன்றாம் வகுப்புக் கணக்குதான். பெட்டியில் எழுதியிருக்கும் வாட்டை 230ஆல் வகுத்தால் ஆம்பியர் கிடைக்கும். மலேசியா, சிங்கப்பூர், இலங்கை, இந்தியா எல்லாவற்றுக்கும் இதே 230 வைத்துப் பார்க்கலாம்.

2,000 வாட் ஹீட்டர் ஏறக்குறைய 8.7 ஆம்பியர். 2,000 வாட் கேத்தலும் அதே அளவு. சோற்றுப் பானை 700 வாட் என்றால் 3 ஆம்பியர். மூன்றையும் ஒரே எக்ஸ்டென்ஷனில் செருகினால் இருபதைத் தாண்டுகிறது. நம் மூன்று முள் பிளக்கு தாங்குவது 13 ஆம்பியர். நான்கு ஓட்டை இருக்கிற எக்ஸ்டென்ஷன் என்றால் நான்கு 13 என்று எண்ணிவிடாதீர்கள். நான்கு ஓட்டைக்கும் சேர்த்துத்தான் அந்த 13. வாட் கணக்கில் சொன்னால் எல்லாம் சேர்ந்து 3,000க்குள் அடங்க வேண்டும்.

அதுவும் நல்ல எக்ஸ்டென்ஷனாக இருந்தால். வயரின் மேல் தோலை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். சிறிய எழுத்தில் 0.75 என்றோ 1.25 அல்லது 1.5 என்றோ அச்சிட்டிருக்கும். அது உள்ளே இருக்கும் செம்பின் கனம். 0.75 வயர் தாங்குவது ஏறக்குறைய 6 ஆம்பியர்தான். அதில் 8.7 ஆம்பியர் ஹீட்டரைப் போட்டால், பிளக்குக்குள் இருக்கிற 13 ஆம்பியர் பியூசுக்கு ஒன்றும் தெரியாது. அது சும்மா இருக்கும். வயர் மட்டும் உள்ளுக்குள் வெந்துகொண்டிருக்கும். பியூஸ் இருக்கிறதே என்று நம்பி இருப்பவர்கள் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

இன்னொன்று. வயரில் ஓடுகிற மின்சாரம் இரண்டு மடங்கானால் அதில் பிறக்கிற சூடு இரண்டு மடங்காவதில்லை. நான்கு மடங்காகிறது. அதனால்தான் விளக்கும் ரேடியோவும் இருபது வருடம் ஓடிய வயர், ஹீட்டர் வந்த ஒரே மாதத்தில் கருகிவிடுகிறது. "இத்தனை நாள் ஒன்றும் ஆகவில்லையே" என்பது இங்கே ஒரு சாட்சியே அல்ல. நீளமான வயரைச் சுருட்டி வைத்தபடியே பயன்படுத்தினாலும், பாய்க்கும் கம்பளிக்கும் அடியில் விட்டாலும் சூடு வெளியே போக வழியில்லாமல் தங்கிவிடும்.

இந்தியாவிலும் இலங்கையிலும் பழைய வீடுகளில் இருக்கிற உருண்டை முள் சாக்கெட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அதில் சிறியது 5 ஆம்பியர் சாக்கெட். 5ஐ 230ஆல் பெருக்கினால் 1,150 வாட். இங்கிருந்து கொண்டுபோகிற 2,000 வாட் ஹீட்டரை, ஐம்பது காசு மாற்றுப் பிளக்கு ஒன்றின் உதவியால் அதில் செருகிவிடலாம். செருகுவதற்குப் பொருந்துகிறது என்பதால் தாங்கும் என்று அர்த்தமில்லை. கழுதை மேல் யானைப் பாரத்தை ஏற்றுகிற கதைதான்.

ஒரு கூரை, பத்துக் குடும்பம்

லயத்தைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மலையகத்தில் வெள்ளைக்காரன் காலத்தில் கட்டிய காம்பரா பத்துக்குப் பன்னிரண்டு அடி. அதற்குள் கட்டில், அலமாரி, துணிக் கொடி, சாமி படம், பிள்ளைகளின் புத்தகம் எல்லாம். அமெரிக்காவில் ஹீட்டருக்குச் சொல்கிற முதல் விதி, எரியக் கூடிய எதுவும் அதிலிருந்து மூன்று அடிக்குள் இருக்கக் கூடாது என்பது. பத்துக்குப் பன்னிரண்டில் மூன்று அடியை எங்கே தேடுவது?

அதைவிடப் பெரிய விஷயம், லயத்தில் ஒரு வீடு என்று தனியாக ஒன்று இல்லை. ஒரே கூரை, ஒரே உத்தரம், பல இடங்களில் ஒரே வயர். ஒரு முனையில் பிடித்த தீ மறு முனை வரை ஓடும். மலையகத்தில் லயன் குடியிருப்புகள் எரிந்து குடும்பங்கள் கோயில் மண்டபத்திலும் பள்ளிக்கூடத்திலும் தங்கிய செய்தி திரும்பத் திரும்ப வருகிறது. மின்கசிவு என்று ஒரு வரியில் முடிந்துவிடுகிறது செய்தி. ஆனால் எரிந்துபோன பிறப்புப் பத்திரமும் அடையாளக் கார்டும் திரும்ப வாங்க அந்தக் குடும்பம் அலைகிற அலைச்சல் ஒரு வரியில் முடிவதில்லை.

சிங்கப்பூருக்கும் இந்தப் பாடம் தெரியும். 1961 மே 25ஆம் தேதி புக்கிட் ஹோ சுவீ கம்பத்தில் பிடித்த தீ ஒரே நாளில் ஏறக்குறைய 16,000 பேரை வீடற்றவர்களாக்கியது. நெருக்கி அடித்த வீடுகளில் ஒருவர் வீட்டு நெருப்பு ஊர் நெருப்பு. அடுக்குமாடி வீடுகள் இங்கே அத்தனை வேகமாக எழுந்ததற்கு அந்தத் தீயும் ஒரு காரணம்.

ஆகவே லயத்தில் ஹீட்டர் வாங்குவது ஒரு வீட்டுக் காரியமல்ல. பக்கத்து வீட்டுப் பிள்ளை தொட்டிலில் தூங்குகிறது என்பதை நினைத்துக்கொண்டு செய்ய வேண்டிய காரியம்.

குவீன்ஸ்டவுன் பழைய வீடுகளில் நடந்தது

வயர் பழசானால் என்ன செய்வது? இதற்கு நம் குவீன்ஸ்டவுனே ஒரு நல்ல உதாரணம். சிங்கப்பூரின் முதல் துணை நகரம் இது. காமன்வெல்த் டிரைவில் இருக்கிற ஸ்ரீ முனீஸ்வரன் ஆலயம் ரயில் தொழிலாளர்கள் தொடங்கியது. அந்தத் தண்டவாளத்தில் 2011 ஜூன் 30ஆம் தேதியோடு ரயில் நின்றுபோனது. 1950களிலும் 60களிலும் கட்டிய அடுக்குகளில் சில இடித்தாகிவிட்டன, சில இன்னும் நிற்கின்றன.

மின்கசிவு ஏற்பட்டால் கண் இமைக்கும் நேரத்தில் மின்சாரத்தை நிறுத்துகிற ஒரு சுவிட்ச் உண்டு. ஆர்.சி.சி.பி. என்பார்கள். சிங்கப்பூரில் 1985 ஜூலைக்குப் பிறகு வந்த வீடுகளில் அது கட்டாயம். அதற்கு முந்திய வீடுகளில் பலவற்றில் இல்லாமலே இருந்தது. 2023 ஜூலை 1 முதல் எல்லா வீட்டுக்கும் அதைக் கட்டாயமாக்கி, இரண்டு வருட அவகாசம் கொடுத்தார்கள். 2025 ஜூலை 1ஆம் தேதியோடு அந்த அவகாசம் முடிந்தது. வீடு பழசு என்பதால் ஆபத்தும் பழகிப்போகட்டும் என்று விடவில்லை. பழைய வீட்டில் குடியிருப்பவர் உயிரும் புதிய வீட்டில் இருப்பவர் உயிரும் ஒன்றுதான் என்று சட்டம் சொல்லிவிட்டது. நமக்கு வேண்டிய பாடம் அது.

ஒன்றை மட்டும் குழப்பிக்கொள்ள வேண்டாம். இந்தச் சுவிட்ச் ஷாக் அடிப்பதிலிருந்து ஆளைக் காக்கும். பாரம் தாங்காமல் வயர் சூடாவதை அது நிறுத்தாது. அதற்கு எம்.சி.பி. என்கிற சுவிட்சோ, சரியான பியூசோ வேண்டும். இரண்டும் இரண்டு காவல்காரர்கள். ஒருவர் வேலையை மற்றவர் செய்ய மாட்டார்.

இன்னொரு கெட்ட பழக்கத்தையும் இங்கே சொல்லிவிடுகிறேன். பியூஸ் அடிக்கடி போகிறதென்று தடித்த செம்புக் கம்பியைச் சுற்றிவிடுகிறார்களே, அது காவல்காரனின் வாயைக் கட்டுவதற்குச் சமம். பியூஸ் போவது தொந்தரவு அல்ல, அது எச்சரிக்கை. அது போனால் பாரத்தைக் குறைக்க வேண்டுமே தவிர, கம்பியைத் தடிப்பாக்கக் கூடாது.

யாரிடம் கேட்பது?

லயத்து வயரை நீங்களே பிரித்து மாற்றக் கூடாது. அது உங்கள் வேலையும் அல்ல, உங்கள் செலவும் அல்ல. மலேசியாவில் 1990ஆம் ஆண்டின் 446ஆம் எண் சட்டம் இருக்கிறது. தோட்டத்தில் கொடுக்கும் வீட்டுக்குப் போதிய தண்ணீரும் மின்சாரமும் தருவதும், வீட்டைப் பழுது பார்த்து வைப்பதும் முதலாளியின் கடமை என்று அது சொல்கிறது. இந்தியாவிலும் 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் வீடு கொடுக்கும் பொறுப்பை முதலாளி மேல்தான் வைத்தது.

ஆகவே வயர் தோல் உரிந்திருந்தால், சாக்கெட் கருத்திருந்தால், விளக்கு அடிக்கடி மங்கினால், நாலு வீட்டார் சேர்ந்து எழுத்தில் எழுதி நிர்வாகத்திடம் கொடுங்கள். தேதி போட்டு ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். பதில் வராவிட்டால் சங்கத் தலைவரிடமும் தொழிலாளர் இலாகாவிடமும் அந்த நகலோடு போங்கள். வாயால் சொன்னது காற்றோடு போகும். எழுதிக் கொடுத்தது நிற்கும்.

வாங்கத்தான் வேண்டும் என்றால்

வாங்குமுன் அனுமதி பெற்ற வயர்மேன் ஒருவரை அழைத்து, "இந்தச் சாக்கெட்டில் இத்தனை வாட் போடலாமா?" என்று கேளுங்கள். அவர் சரி என்ற பிறகு வாங்குங்கள். பிறகு இவற்றைக் கவனியுங்கள்:

1. பெரிய பெட்டி வேண்டாம். சின்ன அறைக்கு 750 அல்லது 1,000 வாட்டே போதும். கவிழ்ந்தால் தானே அணைகிற வகையாகப் பாருங்கள்.

2. முத்திரை பாருங்கள். மலேசியாவில் சிரிம் முத்திரை. சிங்கப்பூரில் வாங்கும் பிளக்கு, எக்ஸ்டென்ஷன் போன்றவற்றில் பாதுகாப்பு முத்திரை. முத்திரை இல்லாத மலிவுச் சாமான் பிறகு கொள்ளும் விலை அதிகம்.

3. ஹீட்டரை நேராகச் சுவர்ச் சாக்கெட்டில் செருகுங்கள். எக்ஸ்டென்ஷனில் வேண்டாம். அது ஓடும்போது கேத்தல், இஸ்திரிப் பெட்டி, சோற்றுப் பானை வேண்டாம்.

4. முதல் நாள் அரை மணி நேரம் ஓடவிட்டு அணைத்து, பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு பரவாயில்லை. கை வைக்க முடியாத சூடு, பழுப்புக் கறை, பிளாஸ்டிக் கருகும் வாடை, இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே நிறுத்துங்கள்.

5. அதன் மேல் துணி காயப் போடாதீர்கள். ஈரச் சட்டையைக் காலைக்குள் காயவைக்க நினைத்துத்தான் பல வீடுகளில் வினை வருகிறது.

6. படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு போட்டு, படுக்கும்போது அணைத்துப் பிளக்கைப் பிடுங்குங்கள். தூங்குகிற வீட்டில் ஹீட்டர் விழித்திருக்கக் கூடாது.

7. ஆர்.சி.சி.பி. இருக்கிற வீட்டில் மாதம் ஒருமுறை அதன் சோதனைப் பொத்தானை அழுத்துங்கள். சுவிட்ச் விழ வேண்டும். விழாவிட்டால் வயர்மேனைக் கூப்பிடுங்கள்.

பில்லையும் மறக்க வேண்டாம். 2,000 வாட் ஹீட்டர் இரவு ஐந்து மணி நேரம் ஓடினால் 10 யூனிட். மாதத்துக்கு 300 யூனிட். அம்மாவுக்கு நாம் செய்த உபகாரத்தின் பில்லை அம்மாவே கட்டுகிற நிலை வந்துவிடும். வயர் தாங்காது என்று தெரிந்தால் அந்தப் பணத்தில் நல்ல கம்பளி இரண்டு, காலுறை, சுடுதண்ணீர் ஊற்றிக் காலடியில் வைக்கிற ரப்பர்ப் பை வாங்குங்கள். கதவிடுக்கில் சாக்கைச் சுருட்டி வைத்தால் பாதிக் குளிர் வெளியே நின்றுவிடும்.

தீ பிடித்துவிட்டால்

மெயின் சுவிட்ச் கைக்கு எட்டினால் அணையுங்கள். மின்சாரம் ஓடுகிற சாமான் மேல் தண்ணீர் ஊற்றாதீர்கள். பெட்டி, நகை என்று தேடாமல் பிள்ளைகளையும் பெரியவர்களையும் வெளியே கொண்டுவந்து, கதவைச் சாத்திவிட்டு, பக்கத்து வீட்டுக் கதவையெல்லாம் தட்டுங்கள். சிங்கப்பூரில் 995, மலேசியாவில் 999, இந்தியாவில் 101 அல்லது 112, இலங்கையில் 110. எண்ணைச் சுவரில் பெரிதாக எழுதி வையுங்கள். புகை வந்தால் கத்துகிற கருவி ஒன்று இருக்கிறது. சிங்கப்பூரில் 2018 ஜூன் 1 முதல் புது வீடுகளுக்கு அதைக் கட்டாயமாக்கினார்கள். பாட்டரியில் ஓடுகிற வகையும் உண்டு, வயர் வேலையே தேவையில்லை. ஊருக்கு என்ன வாங்கிப் போவது என்று யோசிப்பவர்கள் ஹீட்டருக்கு முன்னால் அதை வாங்கிப் போகலாம். முக்கியமான பத்திரங்களின் நகலைச் சொந்தக்காரர் வீட்டில் ஒன்று கொடுத்து வைப்பதும் நல்லது.

இந்த இதழைப் படித்து முடித்ததும் ஒரு வேலை செய்யுங்கள். வீட்டில் இருக்கிற எக்ஸ்டென்ஷனைக் கையில் எடுத்து, அதன் வயரில் என்ன எண் இருக்கிறது என்று பாருங்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த பிள்ளையிடம் கொடுத்தால் அதுவே படித்துச் சொல்லிவிடும். வெள்ளம் வருமுன் அணை போட அந்த இரண்டு நிமிடம் போதும்.

அடுத்த இதழில் சந்திப்போம்.